தோல் தொட்டி, வேதாகமம், புரோநோட்டு: ஜான் பிரவுனின் முதல் 55 ஆண்டுகள்

அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ஜான் பிரவுன் என்ற பெயரில் குழம்பி நிற்பதுண்டு. ஒரு நூல் அவரைத் தோல் பதனிடுபவர் என்கிறது. இன்னொன்று கம்பளி வணிகர் என்கிறது. நில அளவையர், பிரசங்கியார், தியாகி, கொலைகாரர் என்றெல்லாமும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஆள் இத்தனையுமாக எப்படி இருந்திருக்க முடியும்?

அத்தனையும் உண்மைதான். பிரவுன் பிறந்தது 1800 மே 9, கனெக்டிகட் மாநிலத்தின் டாரிங்டனில். தூக்கிலிடப்பட்டது 1859 டிசம்பர் 2, வர்ஜீனியாவின் சார்லஸ் டவுனில். உலகம் பேசுவது 1855-க்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளை. அதற்கு முந்தைய 55 ஆண்டுகளில் அவர் பிழைப்புக்காகத் தொழில் செய்து, கடன்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்த மனிதர். அந்தத் தொழிலும் பிரசங்கமும் எப்படி நடந்தன என்று தெரியாமல் கடைசி நான்கு ஆண்டுகளை மட்டும் பார்த்தால், அவரைப் பைத்தியம் என்றோ தெய்வப் பிறவி என்றோ சொல்லிவிடத் தோன்றும். இரண்டுமே சரியான விளக்கம் இல்லை.

குருப்பட்டம் பெறாத பிரசங்கியார்

முதலில் ஒரு தெளிவு. பிரவுன் பாதிரியார் அல்லர். அவருடைய குடும்பம் காங்கிரிகேஷனல் திருச்சபையைச் சேர்ந்தது. அந்த மரபில் பேராயர் கிடையாது; ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். ஆயரைத் தேர்ந்தெடுப்பதும் விலக்குவதும் சபையார்தான். ஆனால் ஆயராகக் குருப்பட்டம் பெற முறையான கல்வி வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் வேண்டும்.

பிரவுனும் அதற்கு முயன்றார். 16 வயதில் ஒஹையோவின் ஹட்சன் சபையில் உறுப்பினராகி, பிறகு கிழக்கே போய், மாசசூசெட்ஸின் பிளெய்ன்பீல்டிலும் கனெக்டிகட்டின் மாரிஸ் அகாடமியிலும் படித்தார். கண்ணில் அழற்சி வந்து வாசிக்க முடியாமல் போனது. ஊர் திரும்பி, அப்பா ஓவன் பிரவுனிடம் கற்ற தோல் தொழிலையே எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் பிரசங்கம் நிற்கவில்லை. மேற்கே புதிதாகக் காடு திருத்திய குடியிருப்புகளில் ஆயர்கள் கிடைப்பது அரிது. அங்கே குருப்பட்டம் இல்லாத ஒருவர் ஜெபம் நடத்தலாம், அச்சான பிரசங்கங்களை வாசிக்கலாம், தானே வேதாகமத்தை விளக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியாரை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வேறுபாடு: உபதேசியாருக்கு மிஷன் சம்பளம் தந்தது. பிரவுனுக்கு யாரும் ஒரு காசு தரவில்லை. திருவிருந்து, ஞானஸ்நானம் போன்ற சடங்குகளை நடத்தும் உரிமையும் அவருக்கு இல்லை. அவர் கையில் இருந்தது வேத வசனம் மட்டுமே.

ஒரு பச்சைத் தோல் பதமாக எத்தனை மாதம்?

1820-களின் தோல் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவருடைய கடன்கள் புரியும். இன்று குரோமிய உப்பில் ஓரிரு நாளில் முடியும் வேலை அன்று ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆனது. செருப்பின் அடிப்பாகத்துக்கான கனமான அடித்தோலுக்கு அதற்கு மேலும் ஆகும்.

1. ஊறவைத்தல். பச்சைத் தோலை நீரில் ஊறப்போட்டு இரத்தம், உப்பு, அழுக்கை அகற்றுவார்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் கூடினாலும் அழுகல் தொடங்கி, மேல்தோல் திட்டுத்திட்டாக உரியும்.

2. சுண்ணாம்புத் தொட்டி. சுண்ணாம்பு நீரில் சில நாள் முதல் சில வாரம் வரை போட்டால் மயிர்வேர் தளரும். குறைந்தால் வேர் உள்ளேயே நிற்கும். மிஞ்சினால் நார்கள் தளர்ந்து, முடிவில் தோல் பஞ்சுபோல் ஆகும்.

3. சீவுதல். சாய்ந்த மரத்திண்டின்மேல் தோலை விரித்து, இரு கைப்பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளுவார்கள். மறுபுறம் திருப்பிக் கூரிய கத்தியால் சவ்வையும் கொழுப்பையும் சீவுவார்கள். கை தவறினால் தோலில் வெட்டு விழும், விலை விழும்.

4. சுண்ணாம்பை எடுத்தல். மெல்லிய தோல் வகைகளுக்குக் கோழி எச்சம் கலந்த வெதுவெதுப்பான நீர். மிருதுவாக்கும் பொருளே அழுகவும் வைக்கும் என்பதால் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

5. பட்டைச் சாறு. ஓக் அல்லது ஹெம்லாக் மரப்பட்டையை அரைத்து ஊறவைத்த நீர். இதிலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்துதான் தோலின் நாரைப் பிடித்து, அழுகாத பொருளாக மாற்றுகிறது. நம் ஆவாரம்பட்டை செய்யும் வேலையும் இதுவே. முதலில் நீர்த்த சாறு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையான சாறு. அவசரப்பட்டுக் கடுஞ்சாற்றில் இறக்கினால் மேற்பரப்பு மட்டும் பதமாகி இறுகிவிடும்; சாறு உள்ளே புகாமல் நடுவில் பச்சைத்தோல் அப்படியே நிற்கும். அந்தத் தோலில் தைத்த பூட்ஸ் வளைக்கும்போது விரிசல் விடும்.

6. அடுக்கு. ஒரு தோல், அதன்மேல் அரைத்த பட்டை, மறுபடி தோல் என்று தொட்டி நிறைய அடுக்கிச் சாறு ஊற்றி, இரண்டு மூன்று மாதம் தொடாமல் விடுவார்கள். பிறகு கலைத்துப் புதுப் பட்டையோடு மீண்டும் அடுக்குவார்கள். அடித்தோலுக்கு இது பல சுற்று நடக்கும்.

7. உலர்த்துதல், கொழுப்பூட்டல். மேல்மாடியில் நிழலில் மெதுவாக உலர்த்தி, மாட்டுக்கொழுப்பும் எண்ணெயும் தேய்த்து மெருகிடுவார்கள். வேகமாக உலர்த்தினால் மேற்பரப்பு வெடிக்கும்.

பட்டைதான் பெரிய செலவு. ஒரு பவுண்டு தோலுக்கு நான்கைந்து பவுண்டு பட்டை வேண்டும். வசந்தத்தின் முடிவில் மரத்தில் சாறு ஓடும் சில வாரங்களில் மட்டுமே பட்டை எளிதாக உரியும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். உரித்த பட்டையைக் காயவைத்து, குதிரை பூட்டிய ஆலையில் அரைக்க வேண்டும். பிரவுனின் மூத்த மகன் ஜான் ஜூனியர், தன் தொழிற்பயிற்சியே ஒரு குருட்டுக் குதிரையோடு மூன்று ஆண்டு பட்டை அரைத்ததுதான் என்று பின்னாளில் எழுதினார்.

நியூ ரிச்மண்டில் ஒரே கூரையின் கீழ் ஆலையும் ஆராதனையும்

1820-களின் நடுவில் பிரவுன் பென்சில்வேனியாவின் கிராபோர்ட் மாவட்டத்தில் உள்ள நியூ ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தார். 200 ஏக்கர் நிலம் வாங்கி, 18 தொட்டிகள் கொண்ட இரண்டு மாடித் தோல் ஆலையைக் கட்டினார். ஓராண்டுக்குள் சுமார் 15 பேர் அங்கே வேலை செய்தார்கள். கொட்டிலில் தப்பிவரும் அடிமைகளை ஒளித்துவைக்கக் காற்றோட்டமான மறைவறை ஒன்றையும் அமைத்தார். 1828 முதல் 1835 வரை அவரே அஞ்சலக அதிகாரி. நில அளவையும் செய்தார். 1832-இல் அங்கே ஒரு காங்கிரிகேஷனல் சபையைக் கூட்டி, ஆயர் இல்லாத ஞாயிறுகளில் தானே பேசினார். வேலையாட்கள் காலை ஜெபத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் வரவேண்டும் என்பது வேலையில் சேர்வதற்கான நிபந்தனை.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு செய்தியை அவரிடம் வேலை பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோல் எடைக்கு விற்கும் சரக்கு. ஈரம் இருந்தால் எடை கூடும். பல ஆலைக்காரர்களுக்கு அது சொல்லாமல் கிடைக்கும் லாபம். பிரவுனோ கடைசிச் சொட்டு ஈரம் வற்றும்வரை விற்க மாட்டார். வாங்க வந்தவர் தொலைவிலிருந்து வந்திருந்தாலும், காசு கையில் இருந்தாலும், காத்திருக்கத்தான் வேண்டும். இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதே சமயம், சரக்கு எப்போது கைமாற வேண்டும் என்பதை வாங்குபவரின் தேவை அவரிடத்தில் ஒருபோதும் தீர்மானித்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வீட்டிலும் அதே கணக்கு. பட்டை அரைக்கும் வேலையில் ஏமாற்றிய மகனின் தவறுகளைப் பேரேடுபோல் எழுதிவைத்தார்: தாய்க்குக் கீழ்ப்படியாததற்கு 8 அடி, வேலையில் ஏய்த்ததற்கு 3, பொய்க்கு 8. கணக்குத் தீர்க்கும் நாளில் மூன்றில் ஒரு பங்கு அடியை மகனுக்குக் கொடுத்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றி, மீதியைத் தன் முதுகில் அடிக்கச் சொன்னார். மகன் அடித்தார், முதுகில் இரத்தம் கசியும்வரை. குற்றமற்றவர் குற்றவாளியின் கடனைத் தீர்ப்பது என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டை அவர் விளக்கிய விதம் இது. கடன் என்றால் யாராவது ஒருவர் உடலால் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

பணம் எங்கே சிக்கியது?

தோல் தொழிலின் அடிப்படைச் சிக்கல் காலம். மாதம் 50 தோல் போட்டு, ஒவ்வொன்றும் 10 மாதம் கழித்து வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் பார்த்தாலும் 500 தோலின் விலை, அதற்கான பட்டையின் விலை, ஆட்கூலி எல்லாம் தொட்டிக்குள் கிடக்கும். அதைத் தொட முடியாது. அதனால்தான் பல ஊர்களில் விவசாயி தோலைக் கொண்டுவந்து கொடுத்து, பதமானதில் பாதியை எடுத்துக்கொள்ளும் பங்கு முறை நடந்தது. மற்ற செலவுக்கெல்லாம் கடன்தான்.

1832-இல் மனைவி டயான்தி இறந்தார். அடுத்த ஆண்டு மேரி டேயை மணந்தார். இரண்டு மணங்களிலும் சேர்த்து 20 குழந்தைகள். 1830-களின் நடுவில் ஒஹையோவின் பிராங்க்லின் மில்ஸுக்குத் திரும்பினார். பென்சில்வேனியா–ஒஹையோ கால்வாய் வரப்போகிறது, நில விலை ஏறும் என்று ஊரே நம்பியது. பிரவுனும் நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்தார். அது சரிந்த விதம் இது:

1. நிலத்தை ரொக்கத்துக்கு வாங்கவில்லை. புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கினார். நண்பர்கள் அதில் பிணைக் கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய நோட்டுகளில் இவரும் கையெழுத்திட்டார். ஒருவர் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள்.

2. 1836 ஜூலையில், அரசு நிலத்துக்குத் தங்கம், வெள்ளி நாணயம் மட்டுமே ஏற்கப்படும் என்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு ஆணையிட்டது. காகிதப் பணத்தில் ஏறியிருந்த நில விலைக்கு அடித்தளம் போனது.

3. 1837 மே 10 அன்று நியூயார்க் வங்கிகள் காகிதப் பணத்துக்கு நாணயம் தருவதை நிறுத்தின. நாடெங்கும் கடன் வற்றியது.

4. 1839-இல் கனெக்டிகட்டின் ஒரு கம்பளி நிறுவனம் கம்பளி வாங்கப் பிரவுனிடம் 2,800 டாலர் கொடுத்தது. அதை அவர் தன் பழைய கடனை அடைக்க எடுத்துவிட்டார். வேறு இடத்திலிருந்து பணம் வந்ததும் ஈடுகட்டிவிடலாம் என்று நம்பினார், வரவில்லை. இது நம்பிக்கை மோசடி. அவர்மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் வேறு பெயர் சொல்ல முடியாது.

5. 1842 செப்டம்பரில் திவால் ஆணை பெற்றார். நம் ஊரில் ஐ.பி. கொடுப்பது என்கிறோமே, அதுதான். 1841-இல் இயற்றிய புதிய கூட்டாட்சிச் சட்டம் கடனாளி தானே முன்வந்து மனு கொடுக்க வழி செய்திருந்தது. அது 1843-இல் நீக்கப்பட்டது. குடும்பத்துக்கு விட்டுவைத்த பொருட்களின் பட்டியலில் தட்டுமுட்டுச் சாமான்களோடு 11 வேதாகம, புதிய ஏற்பாட்டுப் பிரதிகளும் ஒரு நில அளவை நூலும் இருந்தன.

1843 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு நோயில் நான்கு குழந்தைகள் சில நாட்கள் இடைவெளியில் இறந்தார்கள்.

கம்பளியிலும் அதே தவறு

1844-இல் ஆக்ரன் நகரின் செல்வர் சைமன் பெர்கின்ஸ் அவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். 1846-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்பீல்டில் கிடங்கு திறந்தார்கள். எண்ணம் நியாயமானது. ஆலை முதலாளிகள் மெல்லிய கம்பளியையும் முரட்டுக் கம்பளியையும் ஒன்றாகப் பேசி மலிவாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். பிரவுன் ஆடு வளர்ப்போரிடமிருந்து கம்பளியை வாங்கிவைத்து, தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலை பெற்றுத் தருவதாகச் சொன்னார். தொட்டுப் பார்த்தே தரம் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

ஆனால் விலையைத் தானே நிர்ணயித்து, அதிலிருந்து இறங்க மறுத்தார். வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள். கம்பளி கிடங்கில் கிடக்க, ஆடு வளர்ப்போர் பணத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். 1849-இல் சரக்கை லண்டனுக்கு அனுப்பி, தானும் போனார். அங்கே உள்ளூரில் கேட்டதைவிடக் குறைந்த விலைக்கு ஏலம் போனது. மொத்த நட்டம் சுமார் 40,000 டாலர் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பகுதியைச் சுமந்தவர் பெர்கின்ஸ்.

ஈரத் தோலை விற்காத அதே குணம்தான் இங்கும் வேலை செய்தது. சரியான விலை எது என்று அவருக்குத் தெரியும். அது சரியாகவும் இருக்கலாம். எதிரில் இருப்பவர் அதை ஏற்காவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டம் மட்டும் அவரிடம் இல்லை.

சபை அவரை விட்டது

1838-இல் பிராங்க்லின் மில்ஸ் சபையில் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தபோது கறுப்பினத்தவரைப் பின்னால், கதவருகே உட்கார வைத்தார்கள். பிரவுன் அவர்களை அழைத்துவந்து, தன் குடும்பத்துக்கு ஒதுக்கிய இருக்கையில் அமர்த்தினார். மறுநாள் சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் வந்து கண்டித்தார்கள். பின்னர் அந்தக் குடும்பம் வெளியூரில் இருந்தபோது, தகவல் தராமல் வராதிருந்ததாகச் சொல்லி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன்பின் பிரவுன் எந்தச் சபையிலும் உறுப்பினராகவில்லை.

இதற்குச் சற்று முன், 1837 நவம்பரில், அடிமை ஒழிப்புப் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாயை இலினாயில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. ஹட்சனில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தின் முடிவில் பிரவுன் எழுந்து, தன் வாழ்வை அடிமை முறையை அழிக்க அர்ப்பணிப்பதாகக் கடவுள்முன் உறுதி கூறினார்.

சபை அவரை நீக்கியதன் விளைவு முக்கியமானது. காங்கிரிகேஷனல் அமைப்பில் ஒருவரைத் திருத்துவது சபையாரின் கூட்டு முடிவுதான். பிரவுனுக்கு அந்தத் தடுப்பு இல்லாமல் போனது. வசனத்தின் பொருளை அவரே முடிவு செய்தார். 1850-இல், தப்பிய அடிமைகளைப் பிடித்துத் தரவேண்டும் என்ற சட்டம் வந்ததும், 1851-இல் ஸ்பிரிங்பீல்டில் கறுப்பினத்தவரின் தற்காப்புக்காக கிலெயாத்தியர் சங்கத்தை அமைத்தார். பயந்தவர்கள் கிலெயாத் மலையிலிருந்து வீடு திரும்பலாம் என்று படைத்தலைவர் கிதியோன் சொல்லி அனுப்பும், வேதாகமத்தின் நியாயாதிபதிகள் 7-ஆம் அதிகாரத்திலிருந்து வந்த பெயர்.

பிறகு பிரவுன் கன்சாஸுக்குப் போனார். 1856 மே 24 இரவு அங்கே பொட்டவாட்டமி ஓடைப் பகுதியில், அவருடைய ஆட்கள் அடிமை முறையை ஆதரித்த ஐந்து பேரை வீடுகளிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டிக் கொன்றார்கள். அந்த ஐவரிடம் அடிமைகள் இல்லை. கன்சாஸில் அதற்கு முன் அடிமை ஆதரவாளர்கள் செய்த கொலைகளும் லாரன்ஸ் நகரை அவர்கள் சூறையாடியதும் பின்னணி. ஆனால் பின்னணியைச் சொல்வது அந்தக் கொலைகளைச் சரியாக்காது.

ஈட்டிக்கு ஒரு டாலர்

வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் இருந்த கூட்டாட்சி அரசின் ஆயுதக் கிடங்கைப் பிடித்து, அடிமைகளைத் திரட்டுவது பிரவுனின் திட்டம். அந்தத் தாக்குதலை அவர் ஒரு தொழில்காரரைப் போலவே தயாரித்தார். 1857-இல் கனெக்டிகட்டின் காலின்ஸ்வில் கொல்லர் சார்லஸ் பிளேருடன் ஒப்பந்தம்: ஆறடி ஆஷ் மரக் கைப்பிடியில் இருபுறமும் கூரான அலகு பொருத்திய 1,000 ஈட்டிகள், ஒன்று ஒரு டாலர். துப்பாக்கியைத் தொட்டறியாத விடுதலையடைந்த அடிமைகளுக்காக. 550 டாலர் கொடுத்தார். மீதியைக் கொடுக்க 1859 ஆகிவிட்டது. சரக்கு 950-க்குச் சற்று மேல் வந்து சேர்ந்தது.

1859 அக்டோபர் 16 இரவு, 21 ஆதரவாளர்களில் மூவரைக் காவலுக்கு விட்டு, 18 பேரோடு அந்த ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். தோல்விக்குக் காரணங்கள் தெளிவானவை:

1. சுற்றுவட்டார அடிமைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. அவர்கள் திரண்டு வருவார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே.

2. ஊர் இரண்டு ஆறுகள் கூடும் முனையில், மூன்று பக்கமும் குன்றுகளோடு இருக்கிறது. பாலங்களை எதிரி பிடித்துவிட்டால் வெளியேற வழியில்லை. அது ஓர் எஃகுப் பொறி என்று ஆகஸ்டில் சேம்பர்ஸ்பர்க்கில் அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த அடிமை ஒழிப்புத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் எச்சரித்தார். பிரவுன் கேட்கவில்லை.

3. முதலில் இறந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த சுதந்திரமான கறுப்பின மனிதர். நிறுத்திய ரயிலைப் பிரவுனே போகவிட்டார். அது செய்தியைக் கொண்டுபோனது.

4. மலைக்குப் பின்வாங்க நேரம் இருந்தபோது பணயக் கைதிகளோடு அங்கேயே இருந்துவிட்டார்.

18-ஆம் தேதி காலை ராபர்ட் ஈ. லீ தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் பிரவுன் அடைந்துகிடந்த கட்டடத்தின் கதவை உடைத்தார்கள். இந்தத் தாக்குதல் முழுவதிலுமாகப் பிரவுனின் மகன்கள் ஆலிவர், வாட்சன் உட்பட அவருடைய ஆட்கள் பத்துப் பேர் இறந்தனர். ஈட்டிகளில் பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடந்தன.

நவம்பர் 2 அன்று தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றத்தில் அவர் பேசியது சில நிமிடம்தான். அதில் சாட்சியாக அழைத்தது எபிரெயர் 13:3-ஐ: "கட்டப்பட்டிருக்கிறவர்களோடே நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்." குருப்பட்டம் இல்லாத அந்தப் பிரசங்கியாரின் பேச்சு அச்சாகி நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. அடிமை முறையை ஆதரித்த போதகர்கள் சிறைக்கு வந்து தனக்காக ஜெபிப்பதை அவர் ஏற்கவில்லை.

தூக்குக்கு முன் எழுதிய உயிலில் பழைய கணக்கும் வந்தது. அப்பாவின் சொத்திலிருந்து வரக்கூடிய பணத்தில், கனெக்டிகட் கம்பளி நிறுவனத்தின் முகவராக இருந்த ஜார்ஜ் கெல்லாக்கிடம் 50 டாலர் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். 20 ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த 2,800 டாலருக்காக.